வானத்துக்கும் வேலி உண்டு

தரையிலே வேலி உண்டு, எல்லைக்கல் உண்டு, சாலையிலே சிவப்பு விளக்கு உண்டு. கடலிலே கூடக் கலங்கரை விளக்கமும் மிதவையும் கப்பலுக்கு வழி சொல்கின்றன. ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது வானத்தில் எந்தக் கோடும் தெரிவதில்லை. பருந்து விரும்பிய பக்கம் வட்டமிடுகிறது. கொக்குக் கூட்டம் விரும்பிய திசையில் செல்கிறது. ஆகவே வானம் எல்லாருக்கும் பொது, அங்கே எவரும் எப்படியும் போகலாம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. கண்ணுக்குத் தெரியாத வேலிகள் வானத்திலும் போடப்பட்டிருக்கின்றன. அவை ஏன் போடப்பட்டன, எவரைக் காக்கின்றன என்பதை மாணவர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நலம். மனிதன் ஏறிப் பறக்கும் ஊர்திகளுள் மிகச் சிறியதை எடுத்துக்கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

முதுகில் சுமக்கும் விமானம்

சிலாங்கூர் மாநிலத்தின் ஜுக்ரா மலைப்பக்கம் சென்றவர்கள், வண்ணத் துணிக்குடை ஒன்றின் கீழ் மனிதர் தொங்கியபடி மிதந்து இறங்குவதைக் கண்டிருக்கலாம். அதற்குப் பாராகிளைடர் என்று பெயர். அது வெறும் குடையன்று. துணியால் தைத்த இறக்கை. அதன் முன்விளிம்பில் வரிசையாக வாய்கள் உள்ளன. ஓடும்போது அவற்றின் வழியே காற்றுப் புகுந்து உள்ளறைகளை நிரப்புகிறது. அப்போது துணி விறைத்து இறக்கையின் வடிவத்தைப் பெறுகிறது. மரச்சட்டமும் இல்லை; இரும்புக் கம்பியும் இல்லை.

மோட்டார் இல்லாத பாராகிளைடருக்குப் பொதுவாக மலைச்சரிவு தேவை. ஒரு மோட்டாரைச் சேர்த்துவிட்டால் மலை தேவையில்லை. தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் மாட்டிச் செல்லும் தொழிலாளரை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஏறக்குறைய அவ்வாறே, அதனினும் பெரிய மோட்டாரையும் விசிறியையும் கூண்டோடு முதுகில் கட்டிக்கொண்டு, திடலில் சற்றுத் தூரம் ஓடினால் போதும். கால்கள் நிலத்தை விட்டு எழும்பிவிடும். இதனைப் பாராமோட்டார் என்பர். இதற்கு அண்ணன் முறையாக வேறொரு வகையும் உண்டு. அலுமினியக் குழாய்களும் துணி இறக்கையும் ஓர் இருக்கையும் சிறு சக்கரங்களும் கொண்ட அந்த எளிய ஊர்தியை அல்ட்ராலைட் என்பர். மிக இலேசானது என்பது அதன் பொருள்.

வானம் யாருடையது?

இத்தகைய ஊர்தியில் ஒருவர் நம் வீட்டுக் கூரைக்கு மேல் பறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வானம் யாருடையது? வீட்டுக்காரருடையதா? அரசாங்கத்துடையதா?

1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பல நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளி முழுமையாக உரியது என்பது அதன் முதல் விதி. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடுகளே. ஆகவே வானத்துக்கும் நாட்டெல்லை உண்டு; அங்கே சட்டம் செய்யும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு.

இனி வீட்டுக்காரரின் உரிமைக்கு வருவோம். இதற்கு விடை கிடைக்க ஒரு கோழிப்பண்ணை காரணமாயிற்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகில் காஸ்பி என்பவர் கோழி வளர்த்து வாழ்ந்து வந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பக்கத்திலிருந்த விமான நிலையத்தை இராணுவ விமானங்கள் பயன்படுத்தத் தொடங்கின. அவை அவருடைய நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்தில், அதாவது உயர்ந்த தென்னை மரம் ஒன்றின் அளவில், இரைந்துகொண்டு இறங்கின. கோழிகள் மிரண்டு சுவரில் மோதி மடிந்தன. ஏறத்தாழ 150 கோழிகள் மாண்டபின் அவர் பண்ணைத் தொழிலையே விட்டுவிட்டார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1946இல் தீர்ப்பு வந்தது. நிலத்தின் சொந்தக்காரருக்கு ஆகாயம் வரையில் உரிமை உண்டு என்ற பழங்கொள்கை இக்காலத்துக்குப் பொருந்தாது. உயரத்து வானம் பொதுவழி. ஆயினும் தன் நிலத்தைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய அளவு தாழ்வான வெளி அவருக்கே உரியது. ஆகையால் அவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. உயரத்தில் பறப்பவருக்கு வழியுரிமை; கீழே வாழ்பவருக்கு நிம்மதியுரிமை. இரண்டையும் சேர்த்து நிறுத்த நீதிமன்றம் முயன்றது.

வேலி எழுந்த விதம்

வானத்தில் வேலி போட்டவர்கள் பொழுது போகாமல் போடவில்லை. உயிர்கள் போனபின் போட்டார்கள். 1956 ஜூன் 30ஆம் நாள் அமெரிக்காவின் கிராண்ட் கென்யன் பள்ளத்தாக்குக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதிக்கொண்டன. 128 பேர் மாண்டனர். எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத வான்வெளியில், விமானிகளே ஒருவரையொருவர் பார்த்து விலகிச் செல்லவேண்டும் என்ற நிலையில் அவை பறந்துகொண்டிருந்தன. அந்த விபத்து எழுப்பிய கவலையால் 1958இல் புதிய வான்போக்குவரத்துச் சட்டம் பிறந்தது. வானத்தை ஆளும் தனித் துறையும் அமைந்தது.

வேலி இருந்தும் அதனை அறியாமல் தாண்டினால் என்ன நேரும் என்பதை 1986 ஆகஸ்டு 31ஆம் நாள் உணர்த்தியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மெக்சிகோவிலிருந்து வந்த பயணிகள் விமானம் லாஸ் ஏஞ்சலஸில் இறங்க அணுகிக்கொண்டிருந்தது. மூன்று பேர் ஏறியிருந்த ஒரு சிறு விமானம், அனுமதி பெற்றே நுழையவேண்டிய வான்வெளிக்குள் அனுமதியின்றி வழிதவறிப் புகுந்துவிட்டது. கட்டுப்பாட்டு அதிகாரி அதனைக் கவனிக்கவில்லை. விமானிகளும் ஒருவரையொருவர் காணவில்லை. செரிட்டோஸ் என்னும் ஊருக்கு மேலே இரண்டும் மோதின. பெரிய விமானத்தில் 64 பேர், சிறிய விமானத்தில் 3 பேர், கீழே குடியிருப்புப் பகுதியில் 15 பேர், ஆக 82 பேர் உயிரிழந்தனர். அந்தப் பதினைந்து பேரும் வானத்தில் ஏறவில்லை; பயணச்சீட்டு வாங்கவில்லை. அவர்கள் தரையில் இருந்தவர்கள். வான்சட்டம் யாருக்காக என்று எவரேனும் கேட்டால், முதலில் இந்தப் பதினைந்து பேரைத்தான் நாம் நினைக்கவேண்டும்.

தராசில் எழுதிய சட்டம்

1970களில் மலையிலிருந்து சறுக்கிப் பறக்கும் கிளைடர்களில் சிலர் சிறு மோட்டாரைப் பொருத்தலாயினர். 1976இல் ஜான் மூடி என்பவர் ஆஷ்கோஷ் நகர விமானக் கண்காட்சியில் அவ்வாறு ஓடி எழும்பிப் பறந்து காட்டினார். அதன்பின் இவ்வகை ஊர்திகள் விரைவாகப் பெருகின. இவற்றுக்குப் பெரிய விமானத்தின் சட்டத்தையே விதிப்பதா, அல்லது கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் கூட்டரசு வான்போக்குவரத்து நிருவாகம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டது. 1982 அக்டோபர் 4ஆம் நாள் நடப்புக்கு வந்த அவ்விதியை 103ஆம் பகுதி என்று அழைப்பர்.

மோட்டார் உள்ள ஊர்திக்கு அது விதிக்கும் அளவுகள் இவை:

1. ஒருவர் மட்டுமே ஏறவேண்டும்.
2. விளையாட்டுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மட்டுமே பறக்கவேண்டும்.
3. வெற்று எடை 254 பவுண்டுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ 115 கிலோவுக்குள், இருக்கவேண்டும். நீரில் இறங்க உதவும் மிதவையும் ஆபத்துக்கால உயிர்காப்புச் சாதனமும் இக்கணக்கில் சேரா.
4. எரிபொருள் கொள்ளளவு 5 அமெரிக்கக் கேலனுக்கு, அதாவது ஏறத்தாழ 19 லிட்டருக்கு, மேற்படக்கூடாது.
5. மட்டமாகப் பறக்கையில் முழு விசையிலும் வேகம் 55 நாட்டுக்கு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 102 கிலோமீட்டருக்கு, மேற்படக்கூடாது.
6. விசை இல்லாமல் வேகம் குறையும்போது, 24 நாட்டுக்குள், அதாவது மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டர் வேகம் வரையில், இறக்கை தாங்கிப் பிடிக்கும் ஆற்றலை இழக்காதிருக்கவேண்டும்.

இந்த அளவுகளுக்குள் அடங்கினால் விமானி உரிமம் வேண்டியதில்லை. மருத்துவச் சான்று வேண்டியதில்லை. ஊர்தியைப் பதியவும் வேண்டியதில்லை. கேட்பவர்க்கு இது வியப்பாக இருக்கும். சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கே உரிமம் கேட்கும் உலகில், வானில் பறப்பதற்கு இவ்வளவு விடுதலையா?

காரணம் அந்த அளவுகளுக்குள்ளேயே இருக்கிறது. எடை குறைந்தால் மோதலின் வலு குறைகிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று அறிவியல் கூறுகிறது. ஆகவே வேகத்துக்கு வரம்பு வைத்தார்கள். தாழ்ந்த வேகத்திலும் தாங்கும் இறக்கை ஒரு சிறு திடலிலேயே இறங்கிவிடும். எரிபொருள் குறைவாயின் தொலைதூரம் போக இயலாது. தீப்பிடித்தாலும் பெருந்தீ ஆகாது. ஒரே இருக்கை எனில், ஒன்றும் அறியாத வேறொருவர் அந்த ஆபத்தில் பங்காளி ஆகமாட்டார். இரண்டாம் இருக்கையைப் பொருத்திய மறுகணமே அந்த ஊர்தி இவ்விதிக்கு வெளியே போய்விடுகிறது. பதிவும் உரிமமும் கேட்கும் வேறு விதிகள் வந்து நிற்கின்றன. சுருங்கச் சொன்னால், உன் உயிரை நீ பணயம் வைக்கலாம், பிறர் உயிரை வைக்கக்கூடாது என்பதே இச்சட்டத்தின் சாரம்.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. சட்டம் எழுதப்பட்டபோது முதுகில் சுமக்கும் பாராமோட்டார் பரவியிருக்கவில்லை; அது பின்னர்ப் பெருகியது. ஆயினும் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் அது ஊர்தியின் உருவத்தைப் பேசவில்லை. எடையையும் வேகத்தையும் பேசியது. துணி இறக்கையும் மோட்டாரும் சேர்ந்து ஏறத்தாழ 30 கிலோ நிறுக்கும் பாராமோட்டார் அந்த வரம்புக்குள் இயல்பாகவே அடங்கிவிட்டது.

விடுதலையோடு வந்த கடமைகள்

உரிமம் கேட்காத சட்டம் ஒழுக்கத்தைக் கேட்கிறது. சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில்தான் பறக்கவேண்டும். உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் அரை மணி நேரம் பறக்க இடம் உண்டு. ஆனால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரியும் எச்சரிக்கை விளக்கு எரியவேண்டும். கட்டுப்பாடற்ற வான்வெளியிலும் இருக்கவேண்டும். தரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பறக்கவேண்டும், மேகத்துக்குள் நுழையக்கூடாது. கீழே இருப்பவர்க்குத் தீங்கு நேரும்படி எதனையும் மேலிருந்து போடக்கூடாது.

நகரம், பட்டணம், குடியிருப்பு ஆகியவற்றின் நெருக்கமான பகுதிகளுக்கு மேலும், திறந்தவெளியில் கூடியிருக்கும் மக்கள் கூட்டத்துக்கு மேலும் பறக்கவே கூடாது. எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் இத்தடை நீங்காது. மோட்டார் எந்த நேரமும் நிற்கலாம். நின்றால் இறங்கியாக வேண்டும். இறங்கும் இடத்தில் மனிதர் இருக்கக்கூடாது. திருவிழாக் கூட்டத்தையோ பள்ளி விளையாட்டுப் போட்டியையோ மேலிருந்து பார்ப்பது அழகாகத்தான் இருக்கும். ஆனால் சட்டம் பார்ப்பது கீழே நிற்கும் குழந்தையை.

மற்ற எல்லா விமானங்களுக்கும் அல்ட்ராலைட் வழிவிடவேண்டும். அல்ட்ராலைட்டுகளுக்குள்ளே மோட்டார் உள்ளது, மோட்டார் இல்லாததற்கு வழிவிடவேண்டும். எளிதாகத் திரும்ப முடிந்தவர் திரும்ப முடியாதவருக்கு ஒதுங்குவதே இங்கும் நியாயம்.

அதிகாரி வந்து கேட்டால் ஊர்தியைக் காட்டவேண்டும். தன் ஊர்தி வரம்புக்குள் அடங்கியது என்று மெய்ப்பிப்பது பறப்பவரின் கடமையே.

தலைகீழாய் நிற்கும் கோபுரம்

இனி அந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலியின் வடிவத்தைக் காண்போம். வான்வெளியை ஏ, பி, சி என்று எழுத்திட்டுப் பல வகுப்புகளாகப் பிரித்திருக்கின்றனர். அமெரிக்காவில் 18,000 அடிக்கு மேலே, அதாவது ஏறத்தாழ 5,500 மீட்டருக்கு மேலே, ஏ வகுப்பு தொடங்குகிறது; பெரிய விமானங்களின் நெடுஞ்சாலை அது. போக்குவரத்து மிகுந்த விமான நிலையங்களைச் சுற்றிப் பி வகுப்பு. அடுத்த நிலையில் உள்ளவற்றுக்குச் சி, டி வகுப்புகள்.

பி வகுப்பின் வடிவம் வேடிக்கையானது. கோயில் கோபுரம் அடியில் அகன்று உச்சியில் குறுகும். அந்தக் கோபுரத்தைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படியோ, அப்படி அமைந்தது பி வகுப்பு. விமான நிலையத்தை ஒட்டி அது தரையைத் தொடுகிறது. மேலே போகப்போகப் படிப்படியாக அகன்று விரிகிறது. இறங்கவரும் விமானம் தொலைவில் உயரமாகவும், நிலையத்தை நெருங்க நெருங்கத் தாழ்வாகவும் வருகிறது அல்லவா? அந்தப் பாதையைச் சுற்றியே வேலி கட்டியிருப்பதால் இவ்வடிவம்.

ஏ, பி, சி, டி ஆகிய வகுப்புகளிலும், சில நிலையங்களைச் சுற்றித் தரையிலிருந்தே தொடங்கும் இ வகுப்பிலும், கட்டுப்பாட்டு அதிகாரியின் முன் அனுமதியின்றி அல்ட்ராலைட் நுழையக்கூடாது. அவருக்கு எளிதாக வாய்ப்பது தரையை ஒட்டிய ஜி வகுப்பு. அங்கே 1,200 அடி உயரம் வரையில் பகல் வேளையில் ஒரு மைல் தொலைவு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, மேகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். பத்தாயிரம் அடிக்குட்பட்ட இ வகுப்பில் மூன்று மைல் தெரியவேண்டும். மேகத்திலிருந்து கீழே 500 அடியும், மேலே 1,000 அடியும், பக்கவாட்டில் 2,000 அடியும் விலகியிருக்கவேண்டும். மேகத்தைக் கிழித்துக்கொண்டு விரைந்து வரும் விமானத்தைக் கண்டு ஒதுங்க அந்த இடைவெளி வேண்டும்.

இவையன்றி நாட்டுத் தலைவர் வருகை, காட்டுத்தீ அணைப்பு போன்ற வேளைகளில் தற்காலிகத் தடைகளும் வரும். விமானிகளுக்கான அறிவிப்பில் அவை வெளியாகும். அறிவிப்பைப் பாராதது குற்றத்துக்கு மன்னிப்பு ஆகாது.

நாற்காலியில் பறந்தவர்

103ஆம் பகுதி நடப்புக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பு, 1982 ஜூலை 2ஆம் நாள், கலிபோர்னியாவில் லாரி வால்டர்ஸ் என்பவர் ஒரு வீட்டு நாற்காலியில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஹீலியம் பலூன்களைக் கட்டி அமர்ந்தார். கயிறு அறுந்தது. நாற்காலி ஏறத்தாழ 16,000 அடி உயரம் வரை ஏறிப் பயணிகள் விமானங்கள் செல்லும் வெளியில் மிதந்தது. விமானிகள் கண்டு திகைத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவித்தனர். அவர் கையிலிருந்த சிறு துப்பாக்கியால் சில பலூன்களைச் சுட்டுக் கீழிறங்கினார். கயிறுகள் மின்கம்பியில் சிக்கியதால் லாங் பீச் நகரின் ஒரு பகுதி இருளில் மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். அபராதமாக 1,500 டாலர் கட்டினார்.

இந்தக் கதையைக் கேட்டு உலகம் சிரித்தது. நாமும் சிரிக்கலாம். ஆனால் செரிட்டோஸ் ஊரில் மாண்ட 82 பேரையும் இந்த நாற்காலியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். இருவரும் செய்தது ஒன்றே: அனுமதியின்றி விமானப் பாதையில் புகுந்தது. ஒருவருக்கு நல்ல காலம்; மற்றவருக்கு இல்லை. நல்ல காலத்தை நம்பி வானில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் சட்டம் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். சட்டம் உரிமம் கேட்கவில்லை என்பதனால் பயிற்சி வேண்டாம் என்று பொருளாகாது. காற்றின் போக்கு, இறக்கையின் இயல்பு, மோட்டார் நின்றால் இறங்கும் வகை ஆகியவற்றை நல்லாசிரியரிடம் கற்காமல் ஏறுவது அறிவுடைமை ஆகாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது குளத்துக்கு மட்டும் சொன்ன பழமொழியன்று.

நம் திடலுக்கு மேலே

அமெரிக்காவில் இருக்கும் இந்த விடுதலை நம் நாட்டிலும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. சிக்காகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டின் வானத்துக்கும் அந்த நாட்டின் சட்டமே சட்டம். இங்கே மனிதர் ஏறும் எந்த ஊர்தியாயினும், வாங்குமுன் மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டறிவதே முறை.

மனிதர் ஏறாத ஊர்திக்கும் விதி உண்டு. இன்று தோட்டங்களிலும் திருமண வீடுகளிலும் டிரோன் பறக்கிறது. 2016ஆம் ஆண்டின் மலேசியப் பொது வான்போக்குவரத்து விதிகளின்படி, அதனைத் தரையிலிருந்து 400 அடிக்கு மேலேயோ விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்வெளியிலோ அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. சிங்கப்பூரில் பட்டத்துக்கே வரம்பு உண்டு. 60 மீட்டர் உயரத்துக்கு மேலோ, விமான நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள்ளோ பட்டம் விடுவதற்கு அனுமதி வேண்டும். ஒரு முழ நூலும் ஒரு தாள் காகிதமும் விமானத்தை என்ன செய்யும் என்று பிள்ளைகள் கேட்கலாம். இறங்கிவரும் விமானத்தின் விமானிக்கு முன்னால் திடீரென ஒரு பொருள் எழுந்தால், அது காகிதமா கம்பியா என்று ஆராய அவருக்கு நேரம் இல்லை. அவர் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் அமர்ந்திருக்கின்றனர்.

அன்பார்ந்த மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை விமானி ஆகலாம், பொறியியலாளர் ஆகலாம், பாராமோட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்கு மேலே காலைக் கதிரவனைக் காணலாம். பறக்க ஆசைப்படுவது குற்றமன்று. அந்த ஆசையால்தான் மனிதன் வானூர்தியைக் கண்டான். பெற்றோர்களும் அந்த ஆசையைக் கிள்ளி எறியவேண்டாம், வழிகாட்டி வளர்க்கவேண்டும். மேலே ஏறுகிறவர் எவராயினும், கீழே வீட்டு முற்றத்தில் துணி உலர்த்தும் தாய்க்கும், திடலில் பந்தாடும் சிறுவனுக்கும் தாம் பொறுப்பு என்பதை மறவாதிருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேலியை மதிக்கத் தெரிந்தவர்க்கே வானம் திறந்த வெளியாகும். பறப்போம், விதியறிந்து பறப்போம்.